ஆஸ்துமாவோடு அன்றாடம்: பண்டார் தெங்காரா வாசிகளுக்கான வழிமுறைகள்

ஆஸ்துமா மூச்சுக்குழாய்களில் நீண்டகாலம் குடிகொள்ளும் அழற்சி நோய். அழற்சி கண்ட குழாயின் உட்சுவர் தடிக்கிறது, சுற்றியுள்ள தசை சட்டெனச் சுருங்குகிறது, கெட்டியான சளி வழியை அடைக்கிறது. உள்ளே இழுத்த காற்றை வெளியே விட முடியாமல் நோயாளி திணறுகிறார். நெஞ்சில் சீழ்க்கை ஓசை, மார்பில் இறுக்கம், விடியற்காலை இருமல், நாலு படி ஏறினால் இளைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். அவை வரும், போகும். அழற்சியோ அறிகுறி இல்லாத நாளிலும் உள்ளே இருந்துகொண்டிருக்கும். பெரியவர்களின் ஆஸ்துமாப் பராமரிப்பு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. மூச்சு நன்றாக இருக்கும் நாளில் என்ன செய்யப்படுகிறது என்பதே, மூச்சு முட்டும் நாளில் நோயாளி எந்த நிலையில் இருப்பார் என்பதை முடிவு செய்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் சுமார் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ஆண்டு 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். அங்கே நோய் சரியாகக் கண்டறியப்படுவதில்லை, தொடர் மருந்தும் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. மலேசியாவில் மருந்துக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை. அரசு கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்கிக்கொண்டு வரலாம். கையில் இருக்கும் மருந்து முறையாக எடுக்கப்படுவதில்லை என்பதே இங்குள்ள குறை.

பண்டார் தெங்காராவுக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. தென்கிழக்கு ஜொகூரை மேம்படுத்த 1972இல் அமைக்கப்பட்ட கெஜோரா வாரியத்தின் திட்டத்தில் உருவான நகரம் இது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் பெல்டா குடியேற்றங்களும் பரந்து கிடக்கின்றன. பெரிய மருத்துவமனை வேண்டுமானால் குலாய்க்கோ கோத்தா திங்கிக்கோ போக வேண்டும். இரண்டுமே அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட சாலைப் பயணம். உள்தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு மண்சாலையைக் கடக்கும் நேரமும் சேரும். மூச்சுத்திணறல் முற்றிய பின் கிளம்பினால் போகும் வழியே ஆபத்தாக முடியலாம். ஆகவே இங்கு வசிப்பவருக்குத் தடுப்பு மருந்தும் எழுத்தில் உள்ள செயல்திட்டமும் பட்டணத்தில் இருப்பவரைவிட இரட்டிப்பு அவசியம்.

நோயை உறுதி செய்தல்

நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக மூச்சிரைப்பு வந்தால் அதை உடனே ஆஸ்துமா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல ஆண்டு புகைபிடித்தவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் தணிந்து, காலும் வீங்கியிருந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

ஆஸ்துமாவின் தனி அடையாளம் ஏற்ற இறக்கம். ஒரு நாள் மோசம், மறுநாள் சுகம். இரவில் மோசம், பகலில் சுகம். ஸ்பைரோமீட்டரில் ஊதிக் காட்டும் சோதனை இதை அளக்கிறது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுப்பதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு 12 விழுக்காட்டுக்கும் 200 மில்லிலிட்டருக்கும் மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. அந்தக் கருவி அருகில் இல்லையென்றால் பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு குழாயில் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எண்களைக் குறித்து வரலாம். சோதனை நடக்கும் நாளில் நோயாளிக்கு மூச்சு நன்றாகவே இருந்து, முடிவு இயல்பாக வந்துவிடுவதும் உண்டு. அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது; அறிகுறி உள்ள நாளில் மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும்.

மருந்துகள் இரண்டு வகை

ஒன்று தணிப்பு மருந்து. சால்பியூட்டமால் இதில் முதன்மையானது. பலரும் அறிந்த நீலநிற வென்டோலின் இதுதான். சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி மூச்சைத் திறந்துவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அழற்சியை அது தொடுவதில்லை.

மற்றது தடுப்பு மருந்து. உறிஞ்சும் ஸ்டீராய்டுகளான பியூடெசோனைடு, பெக்ளோமெத்தசோன் போன்றவை இந்த வகை. இவை அழற்சியைப் படிப்படியாக அடக்குகின்றன. எடுத்த உடனே எந்தச் சுகமும் தெரியாது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். இந்தத் தாமதமே பலரை ஏமாற்றிவிடுகிறது. நீலக் குழாய் உடனே கேட்கிறது, மற்றது கேட்கவில்லை என்று முடிவுகட்டித் தடுப்பு மருந்தை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பழக்கத்தின் விலை பெரிது. ஓராண்டில் 200 முறை இழுக்கும் அளவுள்ள நீலக் குழாய் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் தாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டு தீர்ந்தால், அதாவது மாதத்துக்கு ஒன்று, உயிரிழக்கும் வாய்ப்பே கூடுகிறது. ஜினா என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக ஆஸ்துமா முன்முயற்சி அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தணிப்பு மருந்தை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2019இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. நோய் லேசானதாக இருந்தாலும் ஏதாவதொரு வடிவில் உறிஞ்சும் ஸ்டீராய்டு சேர வேண்டும்.

தணிப்பு, தடுப்பு இரண்டையும் ஒரே குழாயில் தரும் கலவையும் உண்டு. பியூடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்தது அதில் முக்கியமானது. ஃபார்மோட்டெரால் விரைவில் வேலை தொடங்குவதால் இதையே தினசரி மருந்தாகவும் மூச்சு முட்டும்போது தணிப்பு மருந்தாகவும் பயன்படுத்த முடிகிறது. இழுக்கும் ஒவ்வொரு முறையும் அழற்சிக்கான மருந்தும் உள்ளே போய்விடும். ஒரு நாளில் எத்தனை முறை வரை இழுக்கலாம் என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். சால்மெட்டெரால் சேர்ந்த கலவைகள் இதற்கு உதவா. அவை தினசரி மருந்து மட்டுமே. எந்தக் கலவை எந்தக் கிளினிக்கில் கிடைக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். மாதத்தில் பலமுறை நீலக் குழாயைத் தேட வேண்டியிருந்தால் நோயாளியே மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பது நல்லது.

குழாயின் நிறத்தை நம்பி மருந்தை அடையாளம் காண்பது சரியல்ல. தயாரிக்கும் நிறுவனம் மாறினால் நிறமும் மாறலாம். பெயரைப் படித்து, எது தினமும், எது அவசரத்துக்கு என்று ஒட்டுத்தாளில் தமிழில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால் இது மிக அவசியம்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பலர் அஞ்சுகிறார்கள். அளவைப் பார்த்தால் அச்சம் தணியும். பியூடெசோனைடு ஒரு முறை இழுப்பதில் 200 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து எடையில் அதைப்போல் 25 மடங்கு; அதுவும் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவுகிறது. உறிஞ்சும் மருந்தால் பெரும்பாலும் வருவது தொண்டைக் கம்மலும் வாயில் வெண்படலமும்தான். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் அவையும் குறையும். தடுப்பு மருந்தைத் தவிர்த்து அடிக்கடி தாக்குதலுக்கு ஆளாகிறவரே கடைசியில் மாத்திரை ஸ்டீராய்டை மீண்டும் மீண்டும் விழுங்க நேர்கிறது. நீரிழிவும் உள்ளவருக்கு அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உறிஞ்சும் மருந்து பழக்கமாகி அடிமையாக்கிவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. நோய் நீண்டகாலம் இருப்பதால் மருந்தும் நீண்டகாலம் தேவைப்படுகிறது. மூன்று மாதம் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்ப்பார். தானாக நிறுத்துவது கூடாது.

மாண்டெலூகாஸ்ட் மாத்திரை சிலருக்கு, முக்கியமாக மூக்கு ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு, உதவும். அதை எடுக்கத் தொடங்கியபின் கெட்ட கனவு, மனச்சோர்வு, வழக்கமில்லாத எரிச்சல் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக 2020இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்தின் மேல் சேர்த்தது.

இழுக்கும் முறை

1955இல் அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் என்னும் மருந்து நிறுவனத் தலைவரிடம், ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவருடைய 13 வயது மகள், ஆஸ்துமா மருந்தும் தெளிப்பான் டப்பாவில் வரக்கூடாதா என்று கேட்டாள். அடுத்த ஆண்டே அளவுத் தெளிப்பான் சந்தைக்கு வந்தது. எளிதாகத் தோன்றும் அந்தக் கருவியைத் தவறாகப் பிடிப்பவர்களே அன்று முதல் இன்றுவரை அதிகம். தவறாக இழுத்தால் மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையில் தங்கிவிடும். அப்போது மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டுவதில் பயனில்லை.

அளவுத் தெளிப்பானை நன்றாகக் குலுக்கி மூடியைக் கழற்ற வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ, மூச்சை வெளியே விட்டு, வாய்ப்பகுதியைப் பல்லுக்கிடையில் வைத்து உதட்டால் இறுக்க வேண்டும். மெல்ல மூச்சை இழுக்கத் தொடங்கி, தொடங்கிய கணத்தில் டப்பாவை ஒருமுறை அழுத்தி, நான்கைந்து நொடி தொடர்ந்து மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு பத்து நொடி அடக்கி மூக்கு வழியாக விட வேண்டும். இரண்டாவது முறை தேவையானால் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கியபின். வாயோரத்திலோ மூக்கிலோ வெண்புகை வெளியேறினால் அந்த முறை வீண். புதிய டப்பாவையும் பல நாள் தொடாத டப்பாவையும் காற்றில் இரண்டு முறை அடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

கையும் மூச்சும் ஒத்துவராதவருக்கு ஸ்பேசர் என்னும் கூண்டுக்குழாய் அருமருந்து. அதற்குள் ஒருமுறை அடித்து, நிதானமாக நான்கைந்து மூச்சில் இழுத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை சோப்பு நீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் உட்சுவரில் நிலைமின் ஏறி மருந்தை ஒட்டவைத்துக்கொள்ளும். ஸ்பேசர் இல்லாத இடத்தில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் தெளிப்பானின் வாய் இறுக நுழையுமளவு துளையிட்டுப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் தாக்குதலுக்கு உள்ளான குழந்தைகளிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், இப்படி அடைக்கப்பட்ட பாட்டில் கடையில் விற்கும் ஸ்பேசருக்கு நிகராகவே வேலை செய்தது.

பொடி மருந்துக் கருவிகளுக்கு முறை நேர் எதிர்: வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை விடக் கூடாது, ஈரம் பொடியைக் கட்டியாக்கிவிடும். டர்புஹேலர் என்னும் பொடிக் கருவியை ஆட்டினால் சலசலவென்று ஓசை வரும். அது ஈரம் உறிஞ்சும் மணிகளின் ஓசை. மருந்து தீர்ந்தபின்னும் அந்த ஓசை வந்துகொண்டே இருக்கும். எண் காட்டும் சன்னலை மட்டுமே நம்ப வேண்டும். அளவுத் தெளிப்பானையும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் பொய்க்கணக்கே காட்டும்.

மோட்டார் சைக்கிளின் பெட்டியிலும் வெயிலில் நிற்கும் காரிலும் மருந்தை வைக்கக் கூடாது. அழுத்தம் அடைத்த டப்பா சூட்டில் வெடிக்கலாம், மருந்தும் கெடும். சிங்கப்பூருக்கு அதிகாலையில் வண்டியெடுத்துப் போகிறவர் தணிப்பு மருந்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பதே முறை. விமானப் பயணத்தில் கைப்பையில் இருக்க வேண்டும்.

தூண்டும் காரணங்கள்: வீடு, தோட்டம், வானம்

ஒவ்வொருவருக்கும் தூண்டுபொருள் வேறு. எல்லாவற்றையும் ஒதுக்கி வாழ முயல்வது வீண் சிரமம். எது நடந்தபின் மூச்சு கெடுகிறது என்று சில வாரம் குறித்துப் பார்த்து, உண்மையில் பாதிப்பதை மட்டும் விலக்கினால் போதும்.

ஜொகூரின் ஈரக்காற்று தூசிப்பூச்சிக்கு உகந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி மெத்தை, தலையணை, திரைச்சீலை, இலவம்பஞ்சு அடைத்த பழைய திண்டு ஆகியவற்றில் வாழ்ந்து, உதிரும் தோல் துகளைத் தின்கிறது. படுக்கை விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், பஞ்சுத் தலையணைக்குப் பதில் துவைக்கக்கூடிய செயற்கை இழைத் தலையணை வாங்குவதும் பலருக்கு உதவும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கூரை ஒழுகும் மூலையிலும் குளியலறைச் சுவரிலும் பூஞ்சை கருமையாகப் படியும். வெள்ளம் புகுந்த வீட்டில் நனைந்த மெத்தையையும் அட்டைப்பெட்டியையும் உலர்த்திப் பார்ப்பதைவிட எறிந்துவிடுவது மேல். பூஞ்சையைச் சுரண்டும் வேலையை ஆஸ்துமா உள்ளவர் செய்யக் கூடாது.

தமிழர் வீட்டுக்கே உரிய புகை வேறு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, பூசையறை ஊதுபத்தி, இரவெல்லாம் எரியும் கொசுவர்த்தி, காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடி. இவற்றுள் கொசுவர்த்தி நீண்டநேரம் மூடிய அறையில் எரிவதால் மிகவும் கெடுதி; கொசுவலையும் சன்னல் கம்பிவலையும் அதன் வேலையைச் செய்யும். சாம்பிராணியைச் சன்னல் திறந்துவைத்து, நோயாளி இல்லாத நேரத்தில் போடலாம். தீபாவளிப் பட்டாசு இரவில் வீட்டுக்குள் இருப்பது உசிதம். டிங்கிக்காக மருந்துப் புகை அடிக்க வருவதாக அறிவிப்பு வந்தால், புகை முழுவதும் அடங்கும்வரை வேறிடம் போயிருக்க வேண்டும்.

புகைபிடித்தல் ஆஸ்துமாவைக் கெடுப்பதோடு உறிஞ்சும் ஸ்டீராய்டின் பலனையும் குறைக்கிறது. மின்சிகரெட்டான வேப்பும் அப்படியே நுரையீரலுக்குத் தீங்கு செய்கிறது. மலேசியாவில் 2019 ஜனவரி முதல் உணவுக்கடைகளில் புகைபிடிக்கத் தடை உள்ளது. அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. விட விரும்புகிறவர் எம்குவிட் சேவையின் கீழ் அரசு கிளினிக்குகளில் ஆலோசனையும் மருந்தும் பெறலாம்.

தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் வேலையும் உரமூட்டை அவிழ்க்கும் வேலையும் நீர்த்துளியையும் தூசியையும் நேராக மூச்சில் சேர்க்கின்றன. காற்றடிக்கும் திசைக்கு எதிராக நின்று தெளிப்பது, முகக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிடுவது இரண்டும் வழக்கமான தவறுகள். ஆஸ்துமா உள்ளவர் தண்டலிடம் சொல்லி வேறு வேலைக்கு மாற்றிக்கொள்வதே உத்தமம். செம்பனை ஆலையின் கொதிகலன் புகையும் நாரும் அருகே வசிப்போரைத் தொந்தரவு செய்யலாம்.

பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் 5 முதல் 20 விழுக்காடு வேலையிடத்தில் உள்ள பொருளால் ஏற்படுகிறது என்று கணக்கிடப்பட்டுள்ளது. குலாய், செனாய் தொழிற்பேட்டைகளில் ஈயப்பற்று வைக்கும் புகை, மரத்தூள், சாயத்தெளிப்பில் உள்ள ஐசோசயனேட், ரொட்டிக்கடையில் மாவுத்தூசி ஆகியவை பேர்போன காரணிகள். ஓய்வு நாளில் மூச்சு நன்றாகி, வேலைக்குத் திரும்பியதும் கெட்டால் ஐயம் வலுக்கிறது. இந்த நிலையில் யோசிக்காமல் வேலையை விட்டுவிடக் கூடாது. வேலையில் இருக்கும்போதே பீக் ஃப்ளோ அளவுகளைக் குறித்து மருத்துவரிடம் காட்டினால்தான் நோய் நிரூபணமாகும். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்வழி ஆஸ்துமா இடம்பெற்றிருப்பதால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க உரிமை உண்டு. எந்தப் பொருள் என்று தெரிந்தபின் அதிலிருந்து முழுவதும் விலகுவது சிகிச்சையின் முதல் படி. விலகல் தாமதமானால் நோய் நிலைத்துவிடும்.

சிலருக்கு வலிமாத்திரையே எதிரி. ஆஸ்பிரின், பொன்ஸ்டான், டைக்ளோஃபெனாக் போன்றவை ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குக் கடும் தாக்குதலைக் கிளப்பும். மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான சில பீட்டா தடுப்பான் மாத்திரைகளும், கண்ணழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்தும்கூடக் குழாயைச் சுருக்கும். எந்தக் கிளினிக்கில் எதற்காக மருந்து வாங்கினாலும் ஆஸ்துமா உண்டு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பாரசிட்டமால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது.

புகைமூட்டம் ஜொகூருக்குப் புதிதல்ல. 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (ஐபியு) 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம் பிரகடனமானது. 2015இலும் 2019இலும் புகை மீண்டும் சூழ்ந்தது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் தொல்லைக்கு ஆளாயினர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆஸ்துமா உள்ளவர் கோத்தா திங்கி, குளுவாங், லார்க்கின் நிலையங்களின் ஐபியு எண்ணைப் பார்த்துவர வேண்டும். 50 வரை நலம், 100 வரை மிதம், 101 முதல் 200 வரை கேடு, 201 முதல் 300 வரை கடுங்கேடு, அதற்கு மேல் அபாயம். நுண்துகளுக்கான எண் 24 மணி நேரச் சராசரி என்பதால் புகை திடீரெனச் சூழ்ந்த காலையில் எண் பின்தங்கியே இருக்கும். எதிர்வீட்டுத் தென்னை மங்கலாகத் தெரிந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். கதவடைத்து உள்ளே இருப்பது, வெளியே போக நேர்ந்தால் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசம் அணிவது, புகைக்காலம் தொடங்குமுன்பே தடுப்பு மருந்தைத் தவறாமல் எடுத்துவருவது ஆகியவையே காப்பு.

நாட்டு மருந்தும் மீன் மருந்தும்

ஆடாதோடையும் தூதுவளையும் தமிழர் மூச்சுத் தொல்லைக்குத் தலைமுறைகளாக எடுப்பவை. ஆடாதோடையின் வாசிசின் என்னும் பொருளிலிருந்தே சளி இளக்கும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. சளி இளகும், மூச்சுக்குழாயின் அழற்சியை அடக்க அவை போதா. கஷாயம் குடிப்பவர் குடிக்கலாம், தடுப்பு மருந்தை நிறுத்தாமல். ஹைதராபாத்தில் ஜூன் மாதத்தில் உயிருள்ள சிறு மீனின் வாயில் மருந்து வைத்து விழுங்கத் தரும் இடத்துக்கு இந்தியாவெங்கும் இருந்து பெருங்கூட்டம் போகிறது. அது ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை.

ஒரே வாரத்தில் இளைப்பை முற்றாகப் போக்கும் பொடி, உருண்டை என்று விற்கப்படுவனவற்றில் அசல் ஆபத்து இருக்கிறது. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு கலந்த பொருள்களைப் பற்றி மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை எச்சரித்துள்ளது. சுகம் தெரியும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், நிறுத்தினால் உடல் சரியும். பெட்டியில் மால் எனத் தொடங்கும் பதிவெண்ணும் பாதுகாப்பு ஒட்டுத்தாளும் இல்லாத எதையும் வாங்கக் கூடாது.

கட்டுப்பாட்டை அளத்தல்

கடந்த நான்கு வாரத்தைப் பற்றி நான்கு கேள்விகள்: வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் பகலில் அறிகுறி வந்ததா? இரவில் ஆஸ்துமாவால் தூக்கம் கலைந்ததா? தணிப்பு மருந்து வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? நோயால் எந்த வேலையையாவது தவிர்க்க நேர்ந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் கட்டுப்பாடு நன்று. ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் பாதியளவு. மூன்று நான்கு என்றால் கட்டுப்பாடு இல்லை. பலர் நான்கு கேள்விக்கும் ஆம் என்று சொல்லிவிட்டு, மற்றபடி சுகந்தான் என்கிறார்கள். மாடிப்படி ஏறாமல் இருப்பதும் குழந்தையைத் தூக்காமல் இருப்பதும் அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. நல்ல கட்டுப்பாட்டில் உள்ளவர் பூப்பந்தும் ஆடலாம், கால்பந்தும் ஆடலாம். பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு இறங்கினால் போதும்.

அரசு கிளினிக்கில் நாள்பட்ட நோயாளிக்குத் தொடர் மருந்துச்சீட்டு கிடைக்கும். மாதாமாதம் மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளலாம். தூரம் சிரமமாக இருந்தால் மருந்தை அஞ்சலில் பெறும் வசதி, வேறு கிளினிக்கில் வாங்கும் வசதி பற்றி மருந்தாளரிடம் கேட்க வேண்டும். கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் குழாயைக் கொண்டுபோய் அவர் எதிரில் இழுத்துக் காட்டுவது நல்ல வழக்கம். ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் உதவும்.

ஆஸ்துமா உள்ள பெண்கள் கருவுறும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் மோசமாகிறது. பயந்து மருந்தை நிறுத்துவதே பெரிய தீங்கு: தாய்க்கு மூச்சு முட்டினால் சிசுவுக்கும் உயிர்க்காற்று குறையும். உறிஞ்சும் தடுப்பு மருந்தைக் கர்ப்பகாலம் முழுவதும் தொடரலாம்.

செயல்திட்டமும் தாக்குதலும்

மருத்துவரிடம் ஒரு தாளில் மூன்று நிலைகளை எழுதி வாங்கிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைக்க வேண்டும். பீக் ஃப்ளோ தன் சிறந்த அளவின் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பச்சை: வழக்கமான மருந்து. 50 முதல் 80 வரை, அல்லது சளி பிடித்து இரவில் விழிப்பு வந்தால் மஞ்சள்: எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எத்தனை நாளுக்கு. 50க்குக் கீழ் என்றால் சிவப்பு. பண்டார் தெங்காராவில் மஞ்சள் நிலையிலேயே யார் வண்டி ஓட்டுவது, எந்த மருத்துவமனைக்கு என்றும் தீர்மானித்துத் தாளில் எழுதிவைக்க வேண்டும்.

ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேச முடியாமை, நீலக் குழாய்க்குத் தணியாமை, கழுத்தும் விலா இடுக்கும் உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், தூக்கக் கலக்கம் ஆகியவை உயிராபத்தின் குறிகள். சீழ்க்கை ஓசை திடீரென்று நின்றுவிட்டால் குணமாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது; காற்றே உள்ளே போகாத நிலையும் அப்படித்தான் இருக்கும். 999ஐ அழைக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ஸ்பேசர் வழியாக நீல மருந்தை ஒவ்வொரு அடியாக, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சாக, நான்கு அடி கொடுக்க வேண்டும். நான்கு நிமிடம் பார்த்துத் தணியாவிட்டால் மறுபடி நான்கு அடி. உதவி வரும்வரை இதைத் தொடரலாம். வண்டியில் போகும் வழியிலும் நிறுத்தக் கூடாது. உயிராபத்து இல்லாத தாக்குதலில் ஸ்பேசர் வழி கொடுக்கும் மருந்து கிளினிக்கில் நெபுலைசர் வழியாகப் போடும் கேஸுக்கு ஈடானது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கேஸ் போடத்தான் வேண்டுமென்று வீட்டு மருந்தைத் தொடாமல் பயணம் தொடங்குவது தவறு.

கேஸ் போட்டு மூச்சு திறந்ததும் வேலை முடிந்ததென்று வீடு திரும்புவோர் பலர். தணிந்தது தசை, அழற்சி அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையை, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள், இரண்டாம் நாளே சுகம் தெரிந்தாலும் முழுமையாக முடிக்க வேண்டும். தடுப்பு மருந்தை அன்றிரவே தொடங்கவோ தொடரவோ வேண்டும். ஒரு வாரத்துக்குள் கிளினிக்குக்குத் திரும்பிப் போய், தாக்குதல் ஏன் வந்தது, மருந்து தவறியதா, இழுக்கும் முறை பிழையா, வீட்டிலோ வேலையிலோ என்ன மாறியது என்று மருத்துவரோடு பார்த்து, குளிர்பெட்டிக் கதவில் உள்ள தாளைத் திருத்தி எழுதி வாங்கிவர வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு முறை மாத்திரை ஸ்டீராய்டு தேவைப்பட்டவரும், ஒருமுறையேனும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவரும் நுரையீரல் நிபுணரிடம் அனுப்பிவைக்கும்படி கேட்டுப் பெற வேண்டும்.